ஏரிப் படகுக்குக் காவல் யார்?

நம் சங்கத்தின் குடும்பச் சுற்றுலா இந்த ஆண்டு தேக்கடிக்கு என்று முடிவானதிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு, படகில் மேல்தளத்தில் இடம் கிடைக்குமா என்பதுதான். செயலாளர் அவர்கள் இந்தக் காலாண்டு இதழுக்குத் தேக்கடி ஏரியின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார். பென்னிகுயிக் பற்றி நம்மில் பலருக்கும் ஓரளவு தெரியும். அதனால் அணையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, அந்த ஏரியில் ஓடும் படகையும் அதைக் கண்காணிக்க வேண்டியவர்களையும் பற்றி எழுதுகிறேன். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தவர்களைப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. நானும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

தேக்கடி ஏரி இயற்கையாக உண்டானது அல்ல. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாண அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 999 ஆண்டுகளுக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கர், ஆண்டு வாடகை 40,000 ரூபாய். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்பில் காடு தண்ணீருக்குள் போயிற்று. அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் தண்ணீருக்கு மேல் கறுத்து நிற்கின்றன. புகைப்படத்துக்கு அழகு, படகோட்டிக்குத் தலைவலி. நீர்மட்டம் ஏற ஏறச் சில கட்டைகள் கண்ணுக்கு மறைந்துவிடும். 1970இல் செய்துகொண்ட துணை ஒப்பந்தத்தில் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. தண்ணீர் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் வருகிறது. மேலே ஓடும் சுற்றுலாப் படகுகளோ கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் வனத்துறையும் நடத்துபவை.

இனி 2009 செப்டம்பர் 30. புதன்கிழமை. ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை முடிந்த வாரம். வங்கியில் இருந்தவர்களுக்கு அது அரையாண்டுக் கணக்கு முடிக்கும் நாள்; இரவு வெகுநேரம் வரை கிளையிலேயே இருப்போம். அன்று எங்கள் கிளையில் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து வந்த தொலைபேசி மூலம்தான் செய்தி தெரிந்தது.

‘ஜலகன்னிகா’ என்பது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு. இரண்டு தளம், ஃபைபர் கிளாஸ் உடல். பழைய படகல்ல, ஏரியில் விட்டு அதிக நாள் ஆகவில்லை. 75 பேருக்கான அந்தப் படகில் அன்று 80க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். மாலை 5 மணியளவில் மணக்கவலை என்ற இடத்தில் படகு கவிழ்ந்தது. கரையில் விலங்குகள் தென்பட, பார்ப்பதற்காகப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். கவிழ்ந்த படகுக்குள்ளேயே சிக்கிக்கொண்டவர்கள் பலர். 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள் அதில் பலர். லைஃப் ஜாக்கெட் யாரும் அணிந்திருக்கவில்லை.

அரசு நீதிபதி மொய்தீன் குஞ்சு தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. படகின் அமைப்பிலேயே நிலைத்தன்மைக் குறை இருந்தது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றப்பட்டது, பொறுப்பிலிருந்தவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று ஆணையம் கண்டது. “பயணிகள்தான் ஒரு பக்கம் ஓடினார்கள்” என்று பழியை அவர்கள்மேல் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சரியான பேச்சு அல்ல. யானையும் காட்டெருமையும் காட்டுவதற்காகவே கூட்டிப்போகும் படகு அது. விலங்கைக் கண்டால் ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது படகு கட்டுகிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய சமாச்சாரம். 75 என்று எண் கொடுக்கும்போதே, 75 பேரும் ஒரே பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

கீழே எடை அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருக்கும் படகு, சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். மேல்தளத்தில் ஆள் ஏற ஏற எடையின் மையம் உயர்கிறது. ஓரளவுக்கு மேல் போனால், சாயும் படகு நிமிர்வதற்குப் பதில் இன்னும் சாயும். அப்போது ஒரு கூர்மையான திருப்பமோ, நாலு பேர் எழுந்து நிற்பதோ போதும். தரைத்தளத்தில் உட்கார்ந்திருக்கும் 40 பேரும் மேல்தளத்தில் நிற்கும் 40 பேரும் டிக்கெட் கணக்கில் ஒன்றுதான், படகுக்கு ஒன்றல்ல. இதை அளந்து பார்க்கத்தான் சர்வேயர் என்று ஒருவரைச் சட்டம் வைத்திருக்கிறது.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? நம் பக்கத்தில் பழையது 1890ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கால்வாய்கள், பொது ஓடத்துறைகள் சட்டம். பக்கிங்காம் கால்வாயில் படகுகள் நிறைய ஓடிய காலம். கால்வாய்க் கட்டணமும் ஓடத்துறைக் குத்தகையும் வசூலாக வேண்டும், அதோடு ஓரளவு ஒழுங்கும் வேண்டும் என்ற நோக்கில் வந்தது. நாடு முழுவதற்குமாக 1917இல் உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டம் வந்தது. எஞ்சின் வைத்த படகு என்றால் சர்வேயர் பார்வையிட்டுச் சான்று தர வேண்டும், எத்தனை பயணி ஏற்றலாம் என்று அந்தச் சான்றில் எழுத வேண்டும், சான்றின் ஆயுள் ஓராண்டுக்கு மேல் கூடாது, ஓட்டுபவருக்கும் எஞ்சின் டிரைவருக்கும் தகுதிச் சான்று வேண்டும். 1977இல் திருத்தி, பெயரிலிருந்த ‘நீராவி’யை எடுத்தார்கள். அடிப்படை மாறவில்லை. படித்துப் பார்த்தால் நல்ல சட்டம்தான். ஆனால் சான்றை எழுதிக் கொடுத்த பிறகு, தினமும் துறையில் நின்று தலையை எண்ணுவது யார் என்பதற்கு அதில் வலுவான பதில் இல்லை.

சட்டம் வந்து ஏழு ஆண்டுகூட ஆகவில்லை. 1924 ஜனவரி 16 அன்று கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குப் போன ‘ரிடீமர்’ என்ற படகு பல்லனை ஆற்றில் இரவில் கவிழ்ந்தது. 24 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் மலையாள மகாகவி குமாரன் ஆசான். அப்போது அவருக்கு 50 வயது. திருவனந்தபுரத்தில் முறைஜபம் முடிந்து திரும்பிய கூட்டத்தால் படகு நிரம்பி வழிந்தது. பெரிய கவிஞரை இழந்ததை நூறாண்டுக்குப் பிறகும் கேரளம் நினைவுகூர்கிறது. கூட்டத்தை ஏற்றும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகத்துக்கு வேம்பநாட்டு ஏரியைக் கடந்த அரசு நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அரசு வேலைக்கான தேர்வு எழுதக் காலையிலேயே கிளம்பிய இளைஞர்கள் அதில் பலர். வேலைக்காகத் தேர்வு மையம் தேடி ஓடிய நம் தலைமுறைக்கு இந்தச் செய்தி மற்றவற்றைவிட அதிகம் வலிக்கும். 2007 பிப்ரவரி 20 அன்று தட்டேக்காட்டில் சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகள் 15 பேரும் ஆசிரியர்கள் 3 பேரும் போனார்கள். தட்டேக்காடு இருப்பது அதே பெரியாற்றின் கீழ்ப்பகுதியில். அதற்கும் ஒரு நீதிபதி ஆணையம் அமைத்தார்கள். இரண்டரை ஆண்டு கழித்து, அதே ஆற்றின் மேற்பகுதியில் ஜலகன்னிகா.

இந்த வரிசையில் எனக்கு முக்கியமாகத் தெரிவது, குமரகத்துப் படகும் தேக்கடிப் படகும் அரசினுடையவை என்பது. படகை வாங்குவது ஒரு அரசு அமைப்பு, ஓட்டுவதும் டிக்கெட் விற்பதும் அதே அமைப்பு, சான்று கொடுப்பது இன்னொரு அரசுத் துறை, விபத்து நடந்தால் ஆணையம் அமைப்பதும் அரசு. வங்கியில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், ஒன்று ஆபீசரிடம். இருவரும் யோக்கியர்கள்தான், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் ஒருவரிடம் இரண்டு சாவியும் இருக்கக் கூடாது. வவுச்சர் எழுதியவரே அதைப் பாஸ் செய்யக் கூடாது. படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவரும் “போதும், இனி ஏற்றாதே” என்று சொல்ல வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால், விடுமுறை நாளில் வரிசை நீளும்போது அவர் என்ன செய்வார்?

அந்த இரண்டாவது சாவியை வேறு நாட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் என்ற சிறிய மாநிலம். அங்கே வின்னிபசாக்கி என்று ஒரு ஏரி. சுமார் 180 சதுர கிலோமீட்டர் பரப்பு, அதாவது தேக்கடியைப் போல ஏழு மடங்கு. உள்ளே 250க்கும் மேல் தீவுகள். 1872இல் ‘மவுண்ட் வாஷிங்டன்’ என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் விட்ட காலத்திலிருந்தே சுற்றுலா. அது 1939இல் எரிந்துபோக, வேறொரு ஏரியிலிருந்து பழைய கப்பலின் உடலைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்தி, அதே பெயரில் விட்டார்கள். கோடையில் சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவார்கள்.

அங்கே ஏரிகளைக் காப்பதற்கென்றே ‘மரைன் பேட்ரோல்’ என்று ஒரு பிரிவு, மாநிலக் காவல்துறையின் கீழ் இருக்கிறது. கடலோரக் காவல் படை மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம், அவர்களுடைய முக்கிய வேலை ஏரியில்தான். அலுவலர்களில் பலர் கோடைக்காலத்துக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்படுபவர்கள். அவர்கள் செய்யும் வேலையில் பாதி, திருடன் போலீஸ் விவகாரமே அல்ல. வசந்தத்தில் பனி உருகியதும் பாறைகளைச் சுற்றி மிதவைகளைப் போடுவது, இலையுதிர் காலத்தில் எடுப்பது, இடம் மாறியவற்றைச் சரிசெய்வது. அந்த மிதவைகளுக்கென்று அந்த மாநிலத்தில் தனிக் கணக்கு உண்டு. தலை கறுப்பாக இருந்தால் அதற்கு வடக்கு அல்லது கிழக்குப் பக்கமாகப் போக வேண்டும். தலை சிவப்பு என்றால் தெற்கு அல்லது மேற்கு. எந்தப் பக்கம் பாறை என்று வழி தெரியாதவரும் புரிந்துகொள்ளலாம். தேக்கடியின் மரக்கட்டைகளை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன்.

பிறகு விதிகள். இன்னொரு படகு, நீந்துபவர், படகுத்துறை, கரை எதுவானாலும் 150 அடிக்குள் வந்தால், படகை நடைவேகத்துக்குக் கொஞ்சம் மேலாக, மணிக்கு 6 மைலுக்கு மேல் போகாமல் ஓட்ட வேண்டும். நம் அடுக்குமாடியின் முன் கேட்டிலிருந்து பின் கேட் வரை நடந்தால் ஏறக்குறைய அவ்வளவு தூரம். 13 வயதுக்குட்பட்ட குழந்தை ஓடும் படகில் லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும். 25 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினை ஓட்ட 16 வயதுக்கு மேற்பட்டவருக்குப் படகுப் பாடம் படித்துத் தேறிய சான்று வேண்டும்.

கடைசி விதி ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2002இல் தொடங்கி, பிறந்த ஆண்டு வாரியாக ஒவ்வொரு பிரிவினராகச் சேர்த்து, 2008இல் எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். வயதானவர்கள் “நாற்பது வருஷமாக ஓட்டுகிறேன், எனக்கென்ன பாடம்” என்று முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இது நல்ல உபாயம். வேகக் கட்டுப்பாட்டுக்கோ பெரிய சண்டையே நடந்தது. வேகப் படகுக்காரர்கள் ஒரு பக்கம், துடுப்புப் படகுக்காரர்களும் கரையோர வீட்டுக்காரர்களும் மறுபக்கம். 2009 ஜனவரி 1 முதல் பகலில் மணிக்கு 45 மைல், இரவில் 30 மைல் என்று முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்து, 2010இல் நிரந்தரமாக்கினார்கள். நம் சங்கத்தில் பார்க்கிங் பிரச்சினை தீர்ந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது.

அங்கே விபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, சாவும் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், படகு நடத்தி லாபம் பார்க்காத ஒருவர் தண்ணீரிலேயே இருக்கிறார். நிறுத்தி, ஜாக்கெட்டை எண்ணி, விளக்கைப் போடச் சொல்லி, குடித்திருந்தால் இறக்கிவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. யாராவது கவிழ்ந்தால் முதலில் போய்ச் சேரும் படகு பெரும்பாலும் அவருடையதாக இருக்கும்.

நம் ஊருக்கு வருவோம். ஊட்டி ஏரியை 1824இல் ஜான் சல்லிவன் வெட்டினார். கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வேர் லெவிஞ்ச் உண்டாக்கியது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து அவர்தான் கொண்டுவந்தார் என்பார்கள். 1890இல் அங்கே படகுக் கழகமும் வந்துவிட்டது. இரண்டும் சுமார் அறுபது ஏக்கர் பரப்பளவுள்ள சின்ன ஏரிகள், எங்கே கவிழ்ந்தாலும் கரையிலிருந்து பார்க்க முடியும். முட்டுக்காடும் பிச்சாவரமும் பிறகு வந்தவை. சுற்றுலாக் கழகம் நடத்தும் இடங்களில் ஜாக்கெட் கொடுக்கிறார்கள், ஆள் கணக்கும் பார்க்கிறார்கள்.

ஆபத்து வந்தது படகுத்துறை என்று பலகை இல்லாத இடத்தில். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்த குடும்பத்தார் ஏறிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. மீன்பிடிப் படகு மீனுக்கும் வலைக்கும் செய்தது. உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் குடும்பத்துக்குச் செய்ததல்ல. அந்த மீனவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மீன் கிடைக்காத நாளில் கையில் காசோடு வந்து “ஒரு சுற்று கூட்டிப்போங்கள் அண்ணே” என்று கெஞ்சுகிறவர்கள் நாம்தான். விபத்துக்குப் பிறகு அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை விதித்தார்கள். தடை போடுவது சுலபம். பாதுகாப்பான படகையும் காவலையும் கொடுத்து, அதே மீனவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து நடத்துவதுதான் செலவு பிடிக்கும் வேலை.

2010இல் கேரளம் புதிய உள்நாட்டுப் படகு விதிகளைக் கொண்டுவந்தது. 2017இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் படகுப் பாதுகாப்புக்கென்றே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. பிறகு பழைய 1917 சட்டம் மொத்தமாகப் போய், 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. 2022 ஜூன் 7 முதல் அமலில் இருக்கிறது. மாநிலத்துக்கொரு விதி என்ற நிலை மாறி, நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல், பதிவுகள் எல்லாம் ஒரே மையத் தரவுத் தளத்தில், காப்பீடு கட்டாயம்.

புதிய சட்டம் வந்து ஓராண்டு முடியும் முன் 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் ‘அட்லாண்டிக்’ என்ற படகு கவிழ்ந்தது. 22 பேர். மீன்பிடிப் படகை இரண்டு தளச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு, அனுமதித்ததைவிட அதிக ஆட்களை ஏற்றிப் போனார்கள். விசாரணையில் உரிமையாளரோடு துறைமுகத்துறை அதிகாரிகள் இருவரும் கைதானார்கள். காகிதத்தில் சான்று சரியாக இருக்க, தண்ணீரில் படகு சரியாக இல்லாமல் போவது எப்படி என்பது லெட்ஜரும் கேஷும் ஒத்துப்போகாத நாளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். எட்டு மாதம் கழித்து, 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். ஊருக்கு நடுவில் உள்ள ஏரி அது. அங்கும் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள், எல்லோருக்கும் ஜாக்கெட் இல்லை.

தேக்கடியில் இன்று நிலைமை வேறு. ஜாக்கெட் மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டினால்தான் படகு கிளம்பும். நடுவில் எழுந்து நின்றால் படகுப் பணியாளர் அதட்டி உட்கார வைப்பார். புகைப்படம் எடுக்க எழுந்ததற்காகத் திட்டு வாங்கிய நம் குடியிருப்பு நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டு திரும்பி வந்தார். எனக்கு அந்தப் பணியாளரின் பெயரைத் தெரிந்துகொண்டு நன்றி சொல்லத் தோன்றியது.

புதிய சட்டத்தில் பெரிதாகப் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. எஞ்சின் இல்லாத படகுகளையும் உள்ளாட்சி அளவில் பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. ஓடம், வள்ளம், பரிசல் எல்லாம் இதில் வரும். ஒகேனக்கல்லில் காவிரியில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் அன்றைக்கே பரிசலுக்குத் தடை போடுகிறது, குறைந்ததும் நீக்குகிறது. செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோம். பரிசலுக்கு எஞ்சின் இல்லை, மேல்தளம் இல்லை. ஆனாலும் இன்று போகலாமா கூடாதா என்று ஆற்றின் அளவைப் பார்த்துச் சொல்ல, பரிசல் ஓட்டுபவர் அல்லாத ஒருவர் அங்கே இருக்கிறார்.